பழவேற்காட்டிலிருந்து திரும்பிய வேன்

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மண்ணடியில் ஒரு சின்ன டிராவல்ஸ் கம்பெனியில் வேலை. ஊர் பார்க்க வருகிறவர்களை வேனில் அழைத்துப் போய், இடங்களைக் காட்டி, ஆங்கிலத்தில் விவரம் சொல்லி, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். ராயபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள் என்பதால் ஆங்கிலம் வரும். அந்த ஒரு தகுதிக்குத்தான் வேலை கிடைத்தது.

எங்கள் முதலாளி, போர்த்துகீசியர்கள் வந்திறங்கிய கரையைக் காட்டுகிறோம் என்று இரண்டு நாள் பயணம் ஒன்று வைத்திருந்தார். முதல் நாள் சாந்தோம், லஸ். இரண்டாம் நாள் பழவேற்காடு. முதல் நாளுக்கு ஆள் வரும். இரண்டாம் நாளுக்கு அநேகமாக யாரும் வரமாட்டார்கள். பழவேற்காட்டுக்குப் போக வேண்டுமென்றால் வடசென்னையைத் தாண்ட வேண்டும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலை நெடுக ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். சிலது அங்கேயே இரண்டு நாள்கூட நிற்கும். அவற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சம் இடத்தில்தான் சைக்கிளும், மீன்பாடி வண்டியும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போயாக வேண்டும்.

வேன் ஓட்டியவர் காசிமேட்டுக்காரர். நாற்பதைத் தாண்டியவர், கழுத்தும் தோளும் ஒன்றாகப் போன மாதிரி உடம்பு. நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவருடைய தம்பி அதே சாலையில் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது ஒரு டிரெய்லர் லாரியின் பின்சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனார். நான் வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் அதைச் சொல்வார்.

"ஆளுங்க வந்து சொன்னதும் ஓடியாந்தேன்மா. தம்பிய அள்ளிகினு கீறானுங்க. நான் தம்பியாண்ட போவல. நேரா லாரியாண்ட போனேன். கேபின்லர்ந்து அவன் முடிய புடிச்சி இஸ்து கீய போட்டேன். அப்பால எல்லாரும் சேர்ந்து மெதிச்சோம். வண்டியக் கொளுத்தினோம்."

இதைக் கேட்டபோது எனக்கு அருவருப்பு எதுவும் வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நியாயம் என்றே பட்டது. எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் அந்தச் சாலை ஆளை எடுத்திருந்தது. லாரி ஓட்டியவன் எவனும் உள்ளே போனதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

அந்த நாள் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. கோவாவிலிருந்து வந்த வயதான தம்பதி இரண்டாம் நாள் பயணத்துக்கும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஒல்லியாக, எதையும் நின்று பார்க்கிறவர். அந்த அம்மா நல்ல பருமன். பூப்போட்ட கவுன், கையில் கறுப்புக் குடை, மூட்டு வலி. கிழக்குக் கரையில் போர்த்துகீசியர் கால்வைத்த இடங்களையெல்லாம் சாவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது கணவரின் ஆசை. மனைவிக்கு அப்படி எதுவும் இல்லை. "தனியாக அனுப்பினால் தொலைந்துபோவார்" என்று சிரித்தார்.

மணலி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனோம். தூரத்தில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்ததும் அந்த அம்மா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பழவேற்காட்டில் காட்டுவதற்கு நாலைந்து இடங்கள்தான். மாதா கோவில், போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். அவர்களை விரட்டிவிட்டு வந்த டச்சுக்காரர்களின் கோட்டை. கோட்டை என்று சொல்லி முள்புதர் மூடிய ஒரு மேட்டைத்தான் காட்ட முடியும். பிறகு அவர்களுடைய கல்லறைத் தோட்டம். அதன் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். கடைசியில் ஏரி. ஜனவரியில் பூநாரைகள் வந்திருக்கும்.

கோவிலில் ஆசிரியர் முழங்காலிட்டு, எனக்குப் புரியாத மொழியில் நெடுநேரம் ஜெபம் சொன்னார். வெளியே வந்ததும், "உங்களுக்குப் போர்த்துகீசியர்கள் மேல் அவ்வளவு பிரியமா?" என்று கேட்டேன்.

"என் அப்பாவின் காதில் அவர்களுடைய போலீஸ்காரன் ஒருவன் அறைந்து, ஒரு காது போய்விட்டது" என்றார். "ரோட்டில் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லவில்லை என்பதற்காக. அந்த அப்பாதான் இந்த ஜெபத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்."

கல்லறைத் தோட்டம் இந்தப் பக்கம் என்று நடந்தேன்.

ஏரிக்கரையில் ஒரு சண்டை. எங்களை யார் படகில் ஏற்றுவது என்று இரண்டு படகுக்காரர்களுக்குள் வாய்த்தகராறு தொடங்கி, ஒருவன் படகு தள்ளும் கழியை எடுத்து மற்றவன் முகத்தில் விளாசிவிட்டான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அண்ணா போய் இரண்டு பேரையும் பின்கழுத்தில் பிடித்துத் தூக்காத குறையாகப் பிரித்தார். "வெளியூர்லர்ந்து வந்துகீறாங்க, இன்னாடா இது கலீஜு?" என்று இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அறை விட்டார். அந்த அம்மா தன் கைக்குட்டையை மடித்து, அடிபட்டவன் புருவத்தில் வைத்து அழுத்தினார். "ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல், தையல் வேண்டும்" என்று என்னிடம் சொன்னார். அவர் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் படகில் ஏற மனமில்லை. பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும்போது கடலையொட்டிப் போகலாமா என்று ஆசிரியர் கேட்டார். அதனால்தான் எண்ணூர் சாலையில் வந்தோம். நேராக மணலி வழியாகவே வந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

மாலை நாலு மணி இருக்கும். திருவொற்றியூரை நெருங்கும்போது வண்டிகள் நின்றன. எங்களுக்கு முன்னால் ஒரு ஆட்டோ, அதற்கு முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி. ஆட்டோவிலிருந்து எல்லோரும் குதித்து ஓடினார்கள். ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. நான் கதவைத் திறந்து படியில் நின்று பார்த்தேன்.

லாரியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுமினியக் கூடை நசுங்கிக் கிடந்தது. சாலையெல்லாம் மீன். அதன் நடுவில் பச்சைப் புடவை. குப்பத்திலிருந்து மீன் விற்கப் போன பெண். அவளோடு வந்த தங்கை சக்கரத்துக்கு அடியில் கையை விட்டு அவளை இழுத்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே இழுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அந்தத் தங்கைக்கு அது தெரியவில்லை. "எழுந்துரு, எழுந்துரு" என்று இழுத்துக்கொண்டே இருந்தாள்.

குப்பத்துச் சந்துகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். முதல் கல் லாரியின் கண்ணாடியில் விழுந்தது. நான் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினேன்.

அதே நேரம் வேனின் பின்பக்கக் கதவு திறந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் தவழ்ந்து உள்ளே வந்தான். நெற்றியில் கண்ணாடித் துண்டு குத்தியிருந்தது. முப்பத்தைந்து நாற்பது வயதிருக்கும். கதவைச் சாத்திவிட்டு, கடைசி இருக்கைக்கும் நடு இருக்கைக்கும் இடையில் குப்புறப் படுத்தான்.

"அக்கா, காப்பாத்துங்க அக்கா. புடிச்சாங்கன்னா கொன்னுபோடுவாங்க" என்றான். கொங்குப் பக்கத்துப் பேச்சு. என்னைவிடப் பத்து வயது பெரியவன் என்னை அக்கா என்றான்.

அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. கடற்கரையில் விரித்து உட்காரக் கொண்டுவந்திருந்த போர்வையை எடுத்து அவன் மேல் போட்டார். அதன் மேல் தன் பையையும் வைத்தார். பிறகு நேராக உட்கார்ந்துகொண்டார்.

நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்த கைகள் அசையவில்லை. இறங்கிப் போய் அவரே அவனை இழுத்துப் போடுவார் என்று நினைத்தேன். அவர் இறங்கவில்லை.

ஏழெட்டுப் பேர் எங்கள் வேனைச் சூழ்ந்தார்கள். கட்டை, இரும்புக் கம்பி, ஒருவன் கையில் மீன் வெட்டும் கத்தி. கம்பியோடு முன்னால் வந்தவரை எனக்குத் தெரியும். எங்கள் கோவில் திருவிழாவில் மாதா தேருக்கு முன்தண்டு பிடிக்கிறவர். ராயபுரத்தில் எங்கள் அடுத்த தெரு. ஹார்பரில் கிரேன் ஓட்டும் என் அப்பாவை அவருக்கு நன்றாகத் தெரியும். இந்தக் குப்பத்தில் பெண் எடுத்தவர். செத்துப்போனவள் அவர் மனைவிக்கு உறவு என்பது பிறகு தெரிந்தது.

"இன்னா நைனா, ஒருத்தன் இந்தாண்ட ஓடியாந்தான், பாத்தியா?"

"இல்ல மாமு" என்றார் அண்ணா. "வெளியூர் பார்ட்டிய ஏத்திகினு வந்துகினு கீறேன். வய்ய வுட்டா போய்கினே இருப்பேன்."

கம்பி வைத்திருந்தவர் குனிந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் அவர் முகம் இளகியது. "அட, நம்ம கிரேன்காரர் பொண்ணு. நீ சொல்லும்மா. யாராச்சும் ஏறினானா?"

"இல்லண்ணா" என்றேன்.

வாய்தான் அப்படிச் சொன்னது. கண் திரும்பிவிட்டது. கழுத்து அசையவில்லை, கண் மட்டும் ஒரு நொடி பின் இருக்கைக்குப் போய்த் திரும்பியது. பயத்தில் திரும்பியதா, அந்தப் பச்சைப் புடவையைப் பார்த்துவிட்டு வந்த மனசு திருப்பியதா என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். தெரியவில்லை என்று சொல்வதுதான் உண்மை.

அவர் பார்த்துவிட்டார்.

பின்கதவைத் திறந்து, போர்வையோடு சேர்த்து அவனை இழுத்தார்கள். அவன் இருக்கையின் இரும்புக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கையில் கம்பியால் அடித்ததும் விட்டான். தரையில் விழுந்ததும் அடி எங்கே விழுகிறது என்று பார்க்க முடியாதபடி ஆட்கள் மூடிக்கொண்டார்கள். ஈர மூட்டையை அடிப்பது மாதிரி சத்தம் வந்தது. அவன் முதலில் "அம்மா" என்று கத்தினான். பிறகு சத்தம் மட்டும் வந்தது, வார்த்தை வரவில்லை.

அண்ணா இறங்கினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய் அவன் மேல் கவிழ்ந்து படுத்தார்.

"ஏந்துருடா! உன் தம்பிய ஏத்திக் கொன்னவனுங்கடா இவனுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

"தெரியும். வுட்ருங்கடா. செத்துருவான், வுட்ருங்கடா."

அவர்கள் விடவில்லை. அவரையும் சேர்த்து அடித்தார்கள். முதுகில், தோளில், பின்னந்தலையில். அந்த அம்மா மூட்டு வலியோடு இறங்கி, குடையால் எதிரில் இருந்த முதுகுகளை விளாசினார். யாரோ தள்ளியதில் வேனின் படியில் மோதி விழுந்தார். அவர் கணவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவில் போய் நின்று, ஆங்கிலத்தில் "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூக்குக்கண்ணாடி எங்கோ போய்விட்டது.

நான் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

போலீஸ் வந்தபோது லாரியின் டயர் எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் யார் எவர் என்று பார்க்கவில்லை. லத்தி எல்லோர் மேலும் விழுந்தது. அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த தங்கையின் முதுகிலும் ஒரு அடி விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டம் ஓடிய பிறகு சாலையில் மீனும் செருப்பும் ரத்தமும் கிடந்தன. லாரிக்காரனின் முகம் முகமாக இல்லை. அந்த அம்மா தவழ்ந்து போய், அவன் வாய்க்குள் விரலை விட்டு, உடைந்த பற்களை எடுத்து, மூச்சுக்கு வழி பண்ணினார். அவன் பிழைத்தது அதனால்தான் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அன்று ஸ்டேஷனில், யார் யார் அடித்தது என்று கேட்டார்கள். கூட்டத்தில் முகம் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா எதுவும் கேட்கவில்லை. "எவன் பேரையும் சொல்லலியே?" என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை என்றேன். "அத்தோட வுடு" என்றார்.

நாலு நாள் கழித்து அரசு மருத்துவமனைக்குப் போனேன். அண்ணாவுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்து, தலையில் பதினான்கு தையல். அவரைப் பார்க்க காசிமேட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவருடைய அம்மா, தம்பியின் படத்தை அவர் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். பக்கத்தில் அவர் மனைவி மட்டும் இருந்தார். நான் வந்ததும் தண்ணீர் பிடிக்கப் போனார்.

"எதுக்குண்ணா அவன்மேல போய் விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "என் தம்பி செத்தப்போ நான் இஸ்து போட்டேன்னு சொன்னேன்ல? அவன் டிரைவர் இல்லமா. கிளீனரு. ஓட்டினவன் அந்தாண்ட கதவ தொறந்துகினு அப்பவே ஓடிட்டான். மூணு நாள் கயிச்சித்தான் தெரிஞ்சிது. அந்தக் கிளீனரு செத்தானா பொயச்சானான்னே எனக்குத் தெரியாது. போய்க் கேக்க பயந்துகினு வுட்டுட்டேன்."

கொண்டுபோயிருந்த பிஸ்கட் பொட்டலத்தை அவர் கைக்கு எட்டும்படி வைத்தேன்.

"நீ திரும்பிப் பாத்தத நான் பாத்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. "மேல வார்டுல கீறான். போய்ப் பாரு."

போனேன். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். இடது கண் போய்விட்டது, அங்கே பஞ்சு. கட்டிலுக்குக் கீழே அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். நாமக்கல் பக்கம், மெலிந்த பெண், கால்களில் செருப்பில்லை. நான் யாரென்று சொன்னதும் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானுங்களா அக்கா? வேன்ல ஏத்தி ஒளிச்சு வெச்சீங்களாம். போலீஸ்காரரு சொன்னாருங்க. உங்க கொலம் நல்லா இருக்கோணுங்க." யாரோ கொடுத்த ஆரஞ்சுப் பழத்தை எடுத்து எனக்கு உரிக்கத் தொடங்கினாள்.

அந்த நிமிடம் பழத்தை வாங்கித் தின்றுவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. என்னால் முடியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "நான் காப்பாத்தல. நான் பின்னாடி பாத்தேன். அதனாலதான் உங்கள கண்டுபிடிச்சாங்க."

அவன் கையைத் தூக்கினான். அடிக்கப்போகிறான் என்று நான் பின்வாங்கினேன். அவன் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டான். அவ்வளவுதான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மனைவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அறைந்தாள். பழச்சாறு ஒட்டிய கையோடு, முழு பலத்தோடு. எனக்குக் காது அடைத்துப்போனது. இன்னொரு அறைக்குக் கை ஓங்கியவள், அப்படியே நிறுத்தி, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். கம்பி வைத்திருந்தவரின் பெயரைச் சொன்னேன். என்னிடம் நல்லவிதமாகக் கேட்ட அதே ஆள்தான். எனக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான்.

அவரைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள் எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் உடைந்தன. ஹார்பர் வாசலில் அப்பாவைக் கன்னத்தில் குத்தினார்கள். இரண்டு பல் போயிற்று. ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகுவிக்கும் நேரம் என் பெஞ்சில் இருந்தவர்கள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு மாதத்தில் பெரம்பூருக்கு வீடு மாறினோம். அப்பா என்னோடு பேசுவதற்கு ஒரு வருடம் ஆனது.

வழக்கு நாலு வருடம் நடந்தது. சாட்சி சொல்ல அந்த அம்மா கோவாவிலிருந்து தனியாக ரயிலேறி வந்தார். அவர் கணவர் அதற்கு முந்தைய மழைக்காலத்தில் இறந்துவிட்டிருந்தார். கூண்டில் நின்று, நடந்ததை வரிசையாகச் சொன்னார். என் கண்ணைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பார்க்கவில்லையா, சொல்ல வேண்டாம் என்று விட்டாரா, நான் கேட்கவில்லை. அண்ணாவும் வந்து சாட்சி சொன்னார். அந்த ஒருவருக்கு மட்டும் தண்டனை கிடைத்தது. மற்றவர்கள் யாரென்று யாரும் சொல்லவில்லை. மீன்காரப் பெண்ணைக் கொன்ற வழக்கு தனியாக நடந்தது. அதில் லாரிக்காரன் ஒற்றைக் கண்ணோடு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன்.

தண்டனை சொன்ன அன்று கோர்ட் வராந்தாவில் அந்தத் தங்கையைப் பார்த்தேன். மீன் வாசனையோடு, வேலைக்கு நடுவில் வந்திருந்தாள். நான் ஒதுங்கி நின்றேன். அவளே வந்து பக்கத்தில் நின்றாள்.

"அவனுக்கு கண்ணு போச்சு. இவரு ஜெயிலுக்குப் போறாரு" என்றாள். "எங்கக்காவுக்கு ரெண்டு பொண்ணுங்க. சின்னது இன்னும் நைட்டானா அம்மா எப்போ வரும்னு கேக்குது. இதுல எனக்கு இன்னாமா கெடச்சிது, சொல்லு?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் தலையாட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனாள்.